உருகி எதைக் காக்கிறது?



"மின்னுருகியின் பயன் யாது?" என்பது பௌதிகப் பாடத்தில் வழக்கமாக வரும் இரண்டு மதிப்பெண் வினா. 34 ஆண்டுகள் நான் அதற்கு ஒரே விடையைத்தான் சொல்லிக் கொடுத்தேன். "அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும்போது உருகி அறுந்து, விளக்கு, விசிறி முதலிய சாதனங்களைக் காக்கிறது" என்று கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். தேர்வில் அதை அப்படியே எழுதியவர்களுக்கு இரண்டு மதிப்பெண்ணும் உண்டு. தலைமையாசிரியனாகி, ஓய்வும் பெற்று, 64 ஆம் வயதில் ஒரு பழைய வண்டியின் அடியில் மல்லாந்து கிடந்தபோதுதான் அந்த விடையின் குறை எனக்குத் தெரிந்தது. அந்த வண்டியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

அது ஒரு மேட்டடோர் வேன். 1986 ஆம் ஆண்டில் பதிவானது. பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை செல்லும் வழியில், ஒரு தென்னந்தோப்புச் சாளையின் ஓரமாகப் பதினோர் ஆண்டுகள் அசையாமல் நின்றிருந்தது. ஒரு காலத்தில் பழனிக்கும் சபரிமலைக்கும் ஆட்களை ஏற்றிச் சென்ற வண்டி. நான் பார்த்தபோது அணிற்பிள்ளைகள் மட்டுமே அதில் குடியிருந்தன. உரிமையாளர் பழைய இரும்பின் எடைக்கு விலை சொன்னார், வாங்கிவிட்டேன். "இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று என் மனைவி கேட்டாள். "உள்ளே படுக்கை போட்டு, விளக்கும் விசிறியும் பொருத்தி, பேத்தியை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம்" என்றேன். "நம் வீட்டில் படுக்கை இல்லையா?" என்றாள். அதற்கு நான் அன்று விடை சொல்லவில்லை.

விடை என் இளமைப் பருவத்தில் இருக்கிறது. தைப்பூசத்திற்கு என் பாட்டனார் கூண்டு வண்டி பூட்டுவார். உள்ளே வைக்கோல் பரப்பி, அதன்மேல் பவானி ஜமுக்காளம் விரிப்பார்கள். அரிசி, பருப்பு, புளி, பாத்திரம், பண்டம் எல்லாம் மூட்டையாக ஏறும். வண்டியின் அடியில் ஓர் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே வரும். எங்கள் வண்டியின் மின்னமைப்பு முழுவதும் அதுதான்! உடுமலைப்பேட்டை வழியாகப் பழனி ஏறத்தாழ 40 மைல். இரவில் காளைகள் தாமாகவே நடக்கும், பாட்டனார் உறங்கிவிடுவார். பகலில் ஏதேனும் தோப்பில் அவிழ்த்துவிட்டுச் சமையல். போய்ச் சேர்ந்த இடம் எனக்கு அவ்வளவாக நினைவில்லை. சாலையிலேயே குடியிருந்துகொண்டு போன சுகம் மட்டும் மறக்கவில்லை.

அதே பொள்ளாச்சி–பழனிச் சாலையில்தான் 1920 ஆம் ஆண்டில் ஓர் இளைஞர் ஒரு பேருந்தை வாங்கித் தாமே ஓட்டினார். கோவையை அடுத்த கலங்கலில் 1893 இல் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள்தாம் அவர். அந்த ஒரு வண்டியிலிருந்து யூ. எம். எஸ். என்னும் பெரிய போக்குவரத்து நிறுவனம் வளர்ந்தது. பள்ளிப் படிப்பில் நாட்டமில்லாதவர். ஆங்கிலேயர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, கோவையில் ஹோட்டல் வேலை செய்து பணம் சேர்த்து அதை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் அதை அக்கக்காகப் பிரித்து மறுபடி பூட்டினார். இந்தக் கதையை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்து, "சரி, பாடத்துக்கு வருவோம்" என்பேன். அவர் குடும்பத்தார் 2015 இல் கோவை அவிநாசி சாலையில் திறந்த கார் அருங்காட்சியகத்துக்குப் பேத்தியை அழைத்துச் சென்றேன். பல நாட்டுப் பழைய கார்கள் அங்கே பளபளவென்று நிற்கின்றன. "தாத்தா, நம் வண்டியும் இப்படி ஆகுமா?" என்றாள். நான் மேற்கூரையை அண்ணாந்து பார்த்தேன்.

மேட்டடோருக்கு ஒரு பூர்வோத்தரம் உண்டு. 1947 இல் பென் பான் என்ற டச்சு வணிகர், ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் தொழிற்சாலைக்குப் போயிருந்தபோது, தம் குறிப்பேட்டில் ஒரு பெட்டி போன்ற வண்டியை வரைந்தார். 1950 இல் அது வோக்ஸ்வேகன் வேனாகச் சாலைக்கு வந்தது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனத்தார் அதற்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்தினார்கள். மேல்நாட்டார் இன்றும் தேடித் தேடிப் புதுப்பிக்கும் குடில் வண்டி அதுதான். இதற்கிடையில் 1949 இல் ஹாம்பர்க் நகரத்து டெம்போ நிறுவனம் வேறொரு வேனைக் கொணர்ந்து, அதற்கு 'மேட்டடோர்' என்று பெயரிட்டது. அதன் முதல் வண்டிகளில் இருந்தது வோக்ஸ்வேகன் எஞ்சின்தான். ஆகவே இரண்டும் பங்காளிகள் என்று சொல்லலாம். பின்னர் மேட்டடோர் என்ற பெயர் இந்தியாவுக்கு வந்து, புனேயில் பஜாஜ் டெம்போ நிறுவனத்தார் செய்த வேன்களுக்கு நிலைத்தது. ஸ்பெயின் நாட்டில் காளையோடு பொருதுபவனுக்கு மேட்டடோர் என்று பெயர். நம் ஊரில் இது ஒரு காளையையும் குத்தவில்லை. வண்டிக் காளைகளுக்கு வேலையில்லாமற் செய்துவிட்டது, அவ்வளவே.

வேலையைத் தொடங்குமுன் சட்டத்தைப் பார்த்துக்கொண்டேன். 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52 ஆம் பிரிவு ஒன்று உண்டு. தயாரித்தவர் குறித்த அமைப்பினின்றும், பதிவுச் சான்றில் உள்ள விவரங்களினின்றும் மாறுபடும்படி வண்டியை நம் விருப்பம்போல் மாற்றலாகாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தேன். முன் அனுமதி பெற்ற பிறகே இருக்கைகளைக் கழற்றினேன். ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட பழைய வண்டிகளைத் தனியே பதிவு செய்ய 2021 இல் விதி வந்திருக்கிறது. என் வண்டிக்கு அந்த முதுமை இன்னும் வரவில்லை. எனக்கு மட்டுமே வந்திருக்கிறது.

துருவைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கும் ஊர் எங்களுடையது. தென்மேற்குப் பருவமழையும் எட்டும், வடகிழக்குப் பருவமழையும் எட்டும். தரைத் தகட்டில் கையை வைத்தால் அப்பளம்போல் நொறுங்கிற்று. டிங்கர் வேலைக்காரர் ஒருவர் இரண்டு மாதம் வந்தார். டீசல் டாங்கியையும் பேட்டரியையும் கழற்றி அப்புறப்படுத்திய பிறகே வெல்டிங் பொறியைத் தொட்டார். உளுத்த தகட்டை வெட்டி எறிந்து, புதுத் தகடு வைத்து, ரெட் ஆக்சைடு பூசினார். மேல் வண்ணம் நான் அடித்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. அந்தப் பெருமையே முதல் தொல்லையாக முடிந்தது.

மின்வேலைக்கு வருகிறேன். பழைய ஒயர்களைப் பாதி எலி தின்றிருந்தது. மீதியை, முன்பு வைத்திருந்தவர்கள் ஆங்காங்கே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகவே போடுவதென்று தீர்மானித்தேன். பௌதிகம் படித்தவன் அல்லவா? ஒரு பெரிய தாளில் மின்சுற்றுப் படம் வரைந்தேன். அழகான படம். என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்த ஒருவர் இப்போது பொள்ளாச்சியில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கிறார். கடையை மூடிய பின் மாலையில் வந்து உதவ இசைந்தார். படத்தைக் காட்டினேன். "நல்லா இருக்குதுங்க ஐயா" என்றார்.

விளக்குகளைப் பொருத்திய அன்று ஒரு விந்தை நடந்தது. வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் அது மங்கலாக எரிந்தது. கூடவே பின்விளக்கும் கண் சிமிட்டியது. பின்விளக்கின் ஸ்விச்சோ அணைந்திருக்கிறது! இரண்டு நாள் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒயராகத் தேடினேன். மூன்றாம் நாள் அவர் வந்தார். படத்தைக் கேட்கவில்லை. விளக்கின் திருகாணி ஒன்றைக் கழற்றி, அதன் கீழிருந்த தகட்டை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, மறுபடி முடுக்கினார். இண்டிகேட்டர் பளிச்சென்று எரிந்தது, பின்விளக்கு அடங்கிவிட்டது.

காரணம் இதுதான். வண்டியில் ஒவ்வொரு விளக்குக்கும் போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர் என்று போடுவதில்லை. போவதற்கு மட்டுமே ஒயர்; திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்புடலே வழி. இதைத்தான் எர்த் என்கிறார்கள். நான் ஆசை ஆசையாய் அடித்த பெயின்ட் அந்தத் திருகாணியின் அடியில் சுவராக நின்று வழியை அடைத்துவிட்டது. நேர்வழி அடைபட்ட மின்னோட்டம் பக்கத்து விளக்கின் இழைக்குள் புகுந்து சுற்றி வந்திருக்கிறது. வாய்க்காலின் மடை அடைபட்டால் தண்ணீர் பக்கத்துத் தோட்டத்தில் பாய்வதில்லையா? மின்சாரம் போகும் வழியைத் தேடினால் மட்டும் போதாது, திரும்பும் வழியையும் தேட வேண்டும் என்பது என் படத்திலேயே இருந்தது. எர்த் என்று கீழே மூன்று சிறு கோடுகள் போட்டிருந்தேன். அந்த மூன்று கோட்டின் மேல் பெயின்ட் படும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது சிறிய குளிர்ப்பெட்டி. 60 வாட். வீட்டில் 230 வோல்ட்டில் 60 வாட் சாதனம் கால் ஆம்பியருக்குச் சற்று மேல்தான் இழுக்கும். வண்டியில் நமக்கு வாய்த்தது 12 வோல்ட். அதே 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் வேண்டும். ஏறத்தாழ பத்தொன்பது மடங்கு! இந்தக் கணக்கை நான் அறியாதவன் அல்லன். ஆயினும் வீட்டில் மிச்சமிருந்த மெல்லிய ஒயரை, அரைச் சதுர மில்லிமீட்டர் தடிப்புள்ளதை, எடுத்துப் போட்டுவிட்டேன். பேட்டரியிலிருந்து பெட்டிவரை 5 மீட்டர். போகவர 10 மீட்டர். அவ்வளவு நீளத்துக்கு அந்த ஒயரின் தடை ஒரு ஓமில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 5 ஆம்பியரால் பெருக்கிப் பாருங்கள்: வழியிலேயே ஏறத்தாழ 1.8 வோல்ட் போய்விடுகிறது. பேட்டரியில் 12.4 இருந்தால் பெட்டிக்குக் கிடைப்பது 10.6. புறப்படும் கணத்தில் அது இன்னும் மிகுதியாக இழுக்கும். அப்போது இதுவும் கிடைக்காது. பெட்டி ஒருமுறை முனகிவிட்டு நின்றுவிட்டது. 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டதும் இழப்பு கால் வோல்ட்டுக்குக் கீழே வந்தது, பெட்டியும் ஓடிற்று. ஆழியாற்று வாய்க்காலை எண்ணிக்கொள்ளுங்கள். வாட்டம் குறைந்த இடத்தில் அதே தண்ணீரைக் கொண்டுபோக வாய்க்கால் அகலமாக இருக்க வேண்டும்.

இனி அந்த நாளைச் சொல்லுகிறேன்.

வண்டியைக் கிளப்பும் பேட்டரி வேறு, வீட்டுச் சாதனங்களுக்கான பேட்டரி வேறு என்று இரண்டு வைத்திருந்தேன். இரவெல்லாம் விசிறி ஓடிக் காலையில் வண்டி கிளம்பாமற்போகக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. இரண்டாவது, 100 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி. நம் வீடுகளில் இன்வெர்ட்டருக்கு வைப்பதே. அது மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஆகையால் மூடிய பெட்டிக்குள் வைத்து, வாயு வெளியே போகக் குழாயும் விட்டிருந்தேன். எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டையும் இணைக்க ஒரு ரிலே. பேட்டரி இருந்தது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால். அங்கிருந்து ஒரு தடித்த ஒயர் தரைக்கடியில் ஓடி, பின்புறம் அலமாரியருகே இருந்த உருகிப் பெட்டிக்குச் சென்றது. பெட்டியில் ஆறு உருகிகள். விளக்கு, விசிறி, குளிர்ப்பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டியிருந்தேன். தலைமையாசிரியர் அறையின் சாவிப் பலகைபோல் இருந்தது.

அந்தத் தடித்த ஒயர் ஓர் இரும்புச் சட்டத்தின் துளை வழியாகப் போயிற்று. துளையை நான்தான் போட்டேன். அதன் விளிம்புக்கு ஒரு ரப்பர் வளையம் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. மறந்தேன் என்று சொன்னால் பொய். கடையில் அன்று கிடைக்கவில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஆனைமலை வரையில் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து முற்றத்தில் நிறுத்தினோம். ஒன்பது வயதுப் பேத்தி புதுப் படுக்கையில் படுத்துக் கதைப் புத்தகம் படிக்கத் தொடங்கினாள். நான் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. பார்த்தால், தரையின் ஓரத்திலிருந்து புகை. நான் முதலில் ஓடியது உருகிப் பெட்டிக்கு. ஆறு உருகியும் முழுசாக இருந்தன! அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்; புகை நிற்கவில்லை. நல்வினையாக அவர் அன்று உடன் இருந்தார். பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கி வெளியே இறக்கிவிட்டு, என்னை ஒதுக்கி, பேட்டரியின் எர்த் முனையை ஸ்பேனரால் தளர்த்திப் பிடுங்கினார். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. தரைப் பலகையில் இரண்டு சாண் நீளத்துக்குக் கரிக்கோடு விழுந்திருந்தது. அதன் நேர் மேலேதான் படுக்கை.

சற்று ஆறிய பிறகு, வண்டிக்கடியில் படுத்து இருவரும் பார்த்தோம். துளையின் கூரிய விளிம்பு, வண்டியின் அதிர்ச்சியில் ஒயரின் உறையை அறுத்திருந்தது. செம்பு இரும்பைத் தொட்டதும் பேட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து, அந்த ஒயரே அடுப்புக் கம்பியாகிவிட்டது.

"ஃபியூஸ் எல்லாம் நல்லாத்தானே இருக்கிறது, தம்பி. ஏன் போகவில்லை?" என்று கேட்டேன்.

"கரண்ட்டு அதுவரைக்கும் போகவே இல்லீங்களே ஐயா, பாதி வழியிலேயே இறங்கிருச்சு. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்துல இருக்கணுமுங்க. அது லைட்டைக் காக்கறதுக்கு இல்லீங்க, ஒயரைக் காக்கறதுக்குங்க."

"நான் அப்படிச் சொல்லித் தரவில்லையே?"

"இல்லீங்க" என்றார். கொஞ்ச நேரம் பேசாமலிருந்து, "கடைக்கு வந்தப்புறம் மாத்திக்கிட்டனுங்க" என்றார்.

அவர் குரலில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. அதனாலேயே எனக்கு அது உறைத்தது.

மாணவர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். விளக்கு பழுதாகி மின்சாரத்தை மிகுதியாக இழுக்கிறதென்றால் அந்த விளக்கு முன்னமே கெட்டுவிட்டது. உருகி அறுந்து அதைக் காப்பதற்கு என்ன இருக்கிறது? காக்க வேண்டியது, சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் ஒயரை. அது சூடேறினால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லாம் தீப்பற்றும். ஒயர் 15 ஆம்பியர் தாங்கும் என்றால் உருகி அதற்கு மேற்படலாகாது. சாதனம் எதுவானாலும் சரி. மின்சாரம் புறப்படும் இடத்துக்கு எவ்வளவு அருகில் உருகியை வைக்கலாமோ அவ்வளவு அருகில் வைக்க வேண்டும். அதற்கு முன்னுள்ள ஒயருக்கு அது காவல் அன்று. சில கருவிகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தமக்குள்ளேயே ஒரு சிறு உருகி வைத்திருப்பதும் உண்டு. ஆகையால் என் விடையை முழுப்பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அரை உண்மை என்ன செய்யும் தெரியுமா? உருகி விளக்கைக் காக்கிறது என்று கற்றவன், அது அடிக்கடி அறுந்தால், "போனால் ஒரு பல்புதானே" என்று உருகிக் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவான். அப்படிச் சுற்றிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றுள் என் மாணவர்களின் வீடுகளும் இருந்தன. அப்போது அதை அவர்களுடைய அலட்சியம் என்று நினைத்தேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில், 1937 இல் காந்தியடிகள் வகுத்த ஆதாரக் கல்வியைப் பற்றி, கைத்தொழில் வழியாகவே அறிவு புகட்ட வேண்டும் என்று, பன்னிரண்டு பக்கக் கட்டுரை எழுதினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. அதை நாற்காலியில் உட்கார்ந்தே எழுதினேன். பின்னர் 34 ஆண்டுகளில் ஒரே ஒரு நாள் ஒரு பேட்டரியையும், ஒரு முழ ஒயரையும், ஓர் உருகியையும் வகுப்புக்கு எடுத்துச் சென்றிருந்தால், பிள்ளைகளில் எவனாவது "ஐயா, உருகியை இந்தப் பக்கம் வைத்தால் என்ன, அந்தப் பக்கம் வைத்தால் என்ன?" என்று கேட்டிருப்பான். நானும் அன்றே அறிந்திருப்பேன்.

ஒயரை முழுவதும் மாற்றினோம். பேட்டரியின் முனையிலிருந்து ஒரு சாண் தொலைவில் முதன்மை உருகி. ஒவ்வொரு துளைக்கும் ரப்பர் வளையம். ஒயர் தொங்காதபடி சாணுக்கொரு பிடிப்பு. துளைகளில் என் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்த பிறகே ஒயரை நுழைத்தேன். கூலியை அவர் வாங்க மறுத்தார். வாங்கத்தான் வேண்டும் என்று கொடுத்தேன். கரிக்கோடு விழுந்த பலகையை மாற்றலாம் என்று தச்சர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன்.

என்னிடம் படித்தவர்கள் எவரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தை நீங்களே சொல்லிக் கொடுக்கும்போது நான் எழுதிப்போட்ட விடையை அடித்துவிட்டு, "ஒயரைக் காக்கிறது" என்று திருத்திக்கொள்ளுங்கள்.

சென்ற தை மாதம் பழனிக்குப் புறப்பட்டோம். உடுமலைப்பேட்டையைத் தாண்டி, தெரிந்தவர் ஒருவரின் தோப்பில் இரவு தங்கினோம். மனைவி உள்ளே படுக்கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டுப் படுக்கை இன்னும் மெத்தென்றிருக்கும்" என்றாள்; ஆனால் முதலில் உறங்கியவள் அவளே. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு உறக்கம் வரவில்லை. இரவில் இரண்டு முறை எழுந்து, உருகி இருந்த இடத்தையும் தரை ஓரத்தையும் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்தே இருந்தன. முழுதும் மின்னேறிய பேட்டரி 12.7 வோல்ட் காட்டும். பாதி தீர்ந்தால் ஏறக்குறைய 12.2. விடியற்காலையில் மீட்டரைப் பார்த்தேன். 12.3 காட்டியது. பேத்தி இன்னும் உறங்கிக்கொண்டிருந்தாள்.